மூன்று முதலாளிகளும் கீழ்த்தட்டு டின்னும்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஏழு பேரிடமும் கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போகும்படி உங்கள் முதலாளி என்னைக் கேட்டார். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் கடைசி வரை படித்துவிடுங்கள், கடைசியில் உங்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

கிள்ளானில் இருக்கும் இந்த மளிகைக் கடைக்கு எழுபதுகளின் தொடக்கத்தில் பருப்புப் புடைக்கும் வேலைக்கு வந்தேன். பிறகு தராசுக்கு வந்தேன். போன வருடம் கண் மங்கியதும் நின்றுகொண்டேன். அதற்குள் மூன்று முதலாளிகளைப் பார்த்துவிட்டேன். உங்கள் முதலாளி நாலாவது. கடையை வாங்க வந்த ஒவ்வொருவரும் தட்டு, தராசு, ஐஸ் பெட்டி, காலிச் சாக்கு வரை எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினார்கள். என்னை யாரும் எண்ணவில்லை. கடையோடு சேர்ந்து வந்த சாமான்களில் நானும் ஒன்று என்று நினைத்திருப்பார்கள்.

நான் பயந்தவள். இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. கடை கைமாறுகிறது என்று காதில் விழுந்தாலே வீட்டில் இருக்கும் அரிசியை அளந்து பார்ப்பேன். என் கணவர் துறைமுகத்தில் சரக்கு ஏற்றும்போது விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்தவர். வீட்டில் இரண்டு பிள்ளைகள். இந்தக் கடை போனால் எங்கே போவேன் என்ற பயம் எந்த நேரமும் மடியில் உட்கார்ந்திருக்கும். அந்தப் பயம் எனக்கு நல்லதும் செய்திருக்கிறது, கெட்டதும் செய்திருக்கிறது. நான் சொல்லப்போவது கெட்டதைப் பற்றி.

முதல் முதலாளி சிவகங்கைப் பக்கத்துக்காரர். சிறு வயதில் கப்பல் ஏறி வந்தவர், கடைசி வரை குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் சிவப்பு ஐசிதான் வைத்திருந்தார். கடையில் ஐம்பது அறுபது பிஸ்கட் டின்கள் இருந்தன. எல்லாம் ஒரே மாதிரி சதுர டின்கள், ஒன்றிலும் பெயர் எழுதியிருக்காது. ஒரு தடவை நான் காகிதம் ஒட்டப் போனபோது தடுத்துவிட்டார்.

"எழுதி வச்சா எழுத்த நம்புவ. எழுத்து தப்பா இருந்துச்சுன்னா? கை பழகணும், ஆத்தா. இடம் தெரியணும். தொட்டுப் பாத்தா தெரியணும்."

அப்படித்தான் பழக்கினார். தராசுக்குப் பக்கத்தில், வாசலை ஒட்டிய கீழ்த்தட்டில் சமையல் சாமான்கள்: ஆப்ப சோடா, அரிசி மாவு, கற்கண்டு. வாயில் வைக்கக் கூடாதவை எல்லாம் உள்பக்கம், இருட்டு மூலையில்: துணி சோடா, எலி மருந்து, லாலான் மருந்து. லாலான் என்பது தோட்டங்களை மூடிவிடும் அந்தக் கோரைப் புல். அதைக் கொல்ல ஒரு வெள்ளைத் தூளைத் தண்ணீரில் கரைத்து அடிப்பார்கள். அந்தக் காலத்தில் யார் கேட்டாலும் அளந்து பொட்டலம் கட்டிக் கொடுக்கலாம். வாசனையே கிடையாது. பார்த்தால் ஆப்ப சோடாவுக்குத் தம்பி. விரலில் எடுத்துத் தேய்த்தால் மட்டும் மணல் மாதிரி நெருநெருக்கும். சோடா வழவழவென்று ஓடும். மூன்று வருடத்தில் நான் டின்னைப் பார்க்காமலே எடுக்கப் பழகியிருந்தேன். முகம் வாடிக்கையாளரிடம் பேசும், கை பாட்டுக்கு டின்னுக்குப் போகும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பெரியவருடைய வேலை பெர்மிட்டை அரசாங்கம் புதுப்பித்துத் தரவில்லை. கப்பல் நாள் குறித்தாகிவிட்டது. கடையை வாங்கியவர் கடலோர ஊர்க்காரர், அதுவரை துணி வியாபாரம் செய்தவர். நாங்கள் பாய் என்று கூப்பிட்டோம். சாமி படங்களைப் பெரியவரே தன் கையால் கழற்றட்டும் என்று பாய் வெளியே நின்றுகொண்டார். அதைப் பார்த்ததும் என் பயம் பாதி இறங்கியது. மீதிப் பாதியை அவருடைய மச்சினன் ஏற்றிவிட்டார்.

மச்சினன் ஊரில் மளிகைக் கடை நடத்தியவர். இரண்டு நாள் கடையைச் சாத்தி, சுண்ணாம்பு அடித்து, டின்களை அவரே திரும்ப அடுக்கினார். அவர்கள் ஊர்ப் பழக்கம் நேர்மாறு. மருந்துச் சாமான்களை வாசல் பக்கம் காற்றோட்டத்தில் வைப்பார்கள், அதன் நெடி சாப்பாட்டுச் சாமானில் இறங்கக் கூடாது என்று. சாப்பிடுவது எல்லாம் உள்பக்கம். யோசித்தால் அதுவும் நல்ல பழக்கம்தான். அவர் என்னிடம் சொல்லாமலும் இல்லை.

"அக்கா, மருந்தெல்லாம் வாசப்பக்கம் மாத்தியாச்சு. பாத்துக்குங்க."

"சரிங்க," என்றேன். காதுதான் கேட்டது, கை கேட்கவில்லை.

திறப்பு நாள் காலையில் நல்ல கூட்டம். பாயின் சொந்தக்காரர்கள் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் பேரீச்சம்பழம் கொடுத்தார்கள். புது முதலாளி பார்க்கிறாரே என்று நான் பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒன்பது மணி வாக்கில் மஞ்சள் சேலை கட்டிய ஓர் அம்மா வெற்றிலை, பாக்கு, சாம்பிராணி எல்லாம் வாங்கிவிட்டுக் கடைசியில் கேட்டார்.

"கொஞ்சம் ஆப்ப சோடா குடுங்க. இன்னிக்கு மகளுக்குப் பரிசம், ஜெஞ்சாரோம்ல. வர்றவங்களுக்கு பஜ்ஜி போடணும்."

"நல்லா நடக்கும்மா," என்று சொல்லிக்கொண்டே அள்ளிக் கட்டினேன். அவருக்கு முன்னால் பின் சந்தில் ஆப்பம் சுடும் ஆன்டிக்கும் சோடா கட்டியிருந்தேன்.

பத்தரை மணிக்கு ஒருவர் வந்து லாலான் மருந்து கேட்டார். கை வழக்கம்போல உள்மூலைக்குப் போயிற்று. டின்னைத் திறந்து தூளை அள்ளி, விரலில் ஒட்டியதைத் தேய்த்தேன். வழவழவென்று ஓடியது.

அப்போதுதான் மச்சினன் சொன்னது எனக்குக் கேட்டது. வாசல் பக்கத்து டின்னைத் திறந்தேன். தூள் மட்டமாக நிரப்பியிருந்தது, நடுவில் இரண்டு கரண்டிப் பள்ளம். விரலை வைத்தேன். நெருநெருத்தது.

உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மருந்து கேட்டவரிடம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு, பின்வாசல் வழியாக ஆப்ப ஆன்டியிடம் ஓடினேன். அவர் சாயங்காலம்தான் அடுப்பு மூட்டுவார், பொட்டலம் பிரிக்காமல் இருந்தது. "அளவு கொறஞ்சு போச்சு ஆன்டி, மாத்திக் கட்டித் தரேன்," என்று ஒரு பொய்யைச் சொல்லி வாங்கிவந்துவிட்டேன். ஆன்டி என் நேர்மையைப் பாராட்டினார். திரும்பி வந்து ஒருவருக்கு மிளகாய் நிறுத்தேன், இன்னொருவருக்கு உப்பு கட்டினேன். ஜெஞ்சாரோம் அம்மாவுக்கு ஒருவேளை உள்பக்க டின்னிலிருந்து எடுத்திருப்பேனோ என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பள்ளம் இரண்டு என்று கண்ணால் பார்த்தவள்தான் நான். முதல் நாளே வேலை போகும், போலீஸ் வரும், பிள்ளைகள் நடுத்தெருவில் நிற்கும் என்று மனசு என்னைப் பற்றியே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. கடைச் சுவரில் கடிகாரம் இருந்தது, அதனால் தெரியும். இருபது நிமிடம்.

பிறகு கால் தானாகப் பாயிடம் போயிற்று.

"பாய், கொஞ்சம் பின்னால வாங்க."

"என்னம்மா, கூட்டம் நிக்குது."

"லாலான் மருந்த சோடான்னு கட்டிக் குடுத்துட்டேன். ஜெஞ்சாரோம் அம்மா ஒருத்தங்களுக்கு. பேரு தெரியாது. அவங்க வீட்டுல இன்னிக்குப் பரிசம்."

அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். திட்டவில்லை. "எப்பத் தெரிஞ்சுச்சு?" என்று மட்டும் கேட்டார்.

"இப்பத்தான்," என்றேன். அந்தப் பொய்யை இன்றைக்குத்தான் முதல் முறையாக எழுதுகிறேன்.

மச்சினன் குறுக்கே வந்தார். "மச்சான், தொறந்த அன்னிக்கே கடையச் சாத்தினா ஊரே பேசும்லா. வேற யாரையாச்சும் அனுப்பிப் பாக்கலாம்."

"அந்தம்மா முகம் இவங்களுக்குத்தான் தெரியும். வேன் எனக்குத்தான் ஓட்டத் தெரியும். வேற யார அனுப்புவ?" என்றார் பாய். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "காலையிலிருந்து வெள்ளையா எது வாங்கியிருந்தாலும் திருப்பிக் கொண்டாந்துருங்க. எங்க கையில தப்பு நடந்துபோச்சு," என்று சத்தமாகச் சொன்னார். பேரீச்சம்பழத் தட்டோடு நின்ற அவருடைய சித்தப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வேனைக் கிளப்பிச் சாலையில் ஏற்றினார். "எனக்கு பயமா இருக்கும்மா," என்றார், சாதாரணமாக. "வாய மூடாம பேசிட்டே வாங்க. அந்தம்மா என்ன கட்டியிருந்தாங்க, என்ன கேட்டாங்க, எல்லாத்தையும் சொல்லுங்க."

சொன்னேன். மஞ்சள் சேலை. தாலிக் கொடியில் இரண்டு ஊக்கு. முன்பல் ஒன்று தங்கம். தெலுக் பங்லிமா காராங் ஊரைத் தாண்டும்போது முன்னால் போன பஸ்ஸை மறித்து ஏறிப் பார்த்தேன். அதில் அவர் இல்லை. அவர் போன பஸ் எப்போதோ ஜெஞ்சாரோம் சேர்ந்திருக்கும். திரும்ப ஏறி உட்கார்ந்ததும் பாய் விடவில்லை. "இன்னும் சொல்லுங்க, வேற என்ன வாங்குனாங்க?" வெற்றிலை, பாக்கு, சாம்பிராணி. "சாம்பிராணி கூடக் கொஞ்சம் போடுங்க, வீட்டுக்குப் பின்னால கோழிப் பண்ணை, வர்றவங்க மூக்கப் பொத்துவாங்க" என்று அவர் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஜெஞ்சாரோமில் காபிக்கடை நடத்தும் சீனத் தவுக்கேயிடம் விசாரித்தோம். நல்ல நாளாம், இரண்டு தமிழர் வீடுகளில் விசேஷம். ஒன்று ஆற்றுப் பக்கம், ஒன்று கோழிப் பண்ணைக்குப் பின்னால். அந்தச் சாம்பிராணி மட்டும் ஞாபகம் வராமல் போயிருந்தால் நாங்கள் பக்கத்தில் இருந்த ஆற்றுப் பக்கத்துக்குத்தான் முதலில் போயிருப்போம்.

வாசலில் வாழை கட்டியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்து ஜமக்காளத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் பக்கவாட்டில் ஓடி அடுக்களைக்குள் நுழைந்தேன். சட்டியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. மாவு கரைத்துப் பெரிய குண்டானில் இருந்தது. மஞ்சள் சேலை அம்மா வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தார். கதவோரம் ஒரு பெண், தலை நிறையப் பூ வைத்து, பட்டுச் சேலையில் நின்றிருந்தாள்.

ஆப்ப ஆன்டியிடம் பொய் வேலை செய்ததல்லவா? அதே மாதிரி ஒன்று வாயில் வந்தது. "காலையில குடுத்த சோடா கொஞ்சம் பழசும்மா. மாத்திக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தோம்."

அவர் சிரித்தார். "இதுக்கா கிள்ளான்லேருந்து வந்தீங்க? மாவு கரைச்சாச்சு அக்கா. பழசா இருந்தா என்ன, பஜ்ஜி கொஞ்சம் உப்பாது, அவ்வளவுதானே." சொல்லிக்கொண்டே ஒரு வாழைக்காயை மாவில் முக்கி எண்ணெயில் போட்டார்.

நான் அடுத்த பொய்யைத் தேடிக்கொண்டிருந்தேன். என் முதுகுக்குப் பின்னாலிருந்து பாயின் குரல் கேட்டது.

"அம்மா, அது விஷம். புல்லுக்கு அடிக்கிற மருந்து. எங்க தப்பு. அடுப்ப அணைங்க."

கத்தி கீழே விழுந்தது. கூடத்தில் பேச்சு நின்றது. மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்து நிலைப்படியில் நின்றார். பாய் கூடத்துக்குப் போய், எல்லாரும் இருக்கும் இடத்தில், இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு கேட்டார்: "யாராவது சாப்பிட்டீங்களா? ஒரு துண்டாவது?"

இல்லை, இல்லை என்று எல்லாரும் தலையாட்டினார்கள். மணப்பெண்ணும் தலையாட்டினாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மாவையும் எண்ணெயையும் பாயே மண்வெட்டி வாங்கிக் குழி தோண்டிப் புதைத்தார். சகுனம் சரியில்லை என்று மாப்பிள்ளையின் அம்மா முணுமுணுத்தார். மாப்பிள்ளையின் அப்பாதான் நல்ல மனுஷர். "வரவேண்டிய கெட்டது வந்துட்டுப் போயிருச்சு. தட்ட மாத்துங்க," என்று முடித்துவிட்டார். நாங்கள் டவுனில் பிஸ்கட்டும் வாழைப்பழமும் வாங்கிவந்து கொடுத்துவிட்டுத் திரும்பினோம்.

அதற்குப் பிறகு கடையில் மருந்துச் சாமானே விற்கவில்லை. எல்லா டின்னிலும் மூன்று மொழியில் பெயர் எழுதினோம். அப்படியும் வெள்ளையாக எதைக் கட்டினாலும் ஒரு துளியை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் கட்டுவேன். புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் இந்தக் கதையைச் சொல்வேன். "நல்ல வேளை, யாருக்கும் ஒண்ணும் ஆகல" என்றுதான் ஒவ்வொரு தடவையும் முடிப்பேன். பதிமூன்று வருடம் அப்படித்தான் முடித்தேன்.

பாய்க்கு வயதாயிற்று. பிள்ளைகள் ஷா ஆலமில் ஆபீஸ் வேலைக்குப் போய்விட்டார்கள். கடையை வாங்க ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். நான் மறுபடியும் வீட்டு அரிசியை அளந்து பார்த்தேன். கையெழுத்தாவதற்கு முந்தின நாள் அந்த மனைவி மட்டும் தனியாக வந்தார். தட்டைப் பார்க்கவில்லை, தராசைப் பார்க்கவில்லை. "அக்கா, உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்," என்று பின்னால் அரிசி மூட்டை அடுக்கியிருக்கும் இடத்துக்கு என்னைக் கூட்டிப்போனார்.

"என்னைத் தெரியலையா? ஜெஞ்சாரோம். கோழிப் பண்ணை."

கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பட்டுச் சேலைப் பெண். நல்லா இருக்கியாம்மா என்று கேட்டேன்.

"அன்னிக்கு அம்மா என்னை உப்பு பாக்கச் சொன்னாங்க. உள்ளங்கையில மாவு ஒரு சொட்டு வச்சாங்க, நக்கினேன். நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான்."

நான் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏம்மா சொல்லல? பாய் கேட்டாரே."

"எல்லார் முன்னாடியும் கேட்டாரு அக்கா. மாப்பிள்ளையோட அம்மா நிலைப்படியில நிக்கிறாங்க. நான் விஷத்த நக்கிட்டேன்னு சொன்னா பரிசம் அங்கேயே நின்னுருக்கும். தட்டு மாத்துறப்ப செத்துருவேனோன்னு நெனச்சுட்டே உக்காந்திருந்தேன். மூணு நாளு வாந்தி. கல்யாணப் பயம்னு எல்லாரும் சிரிச்சாங்க. அம்மாகிட்டயும் சொல்லல. மொத புள்ள பொறந்தப்ப கை வெரலு, கால் வெரலு எல்லாத்தையும் எண்ணிப் பாத்தேன், அக்கா. அதுவரைக்கும் ஒரு நாள் நிம்மதியாத் தூங்கல."

அழுதேன். மன்னிப்புக் கேட்டேன் என்று நினைக்கிறேன், வாயிலிருந்து வார்த்தை வந்ததா என்று ஞாபகம் இல்லை. அவர் என் பக்கத்தில் மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டார்.

"உங்களைக் குத்தம் சொல்ல வரல. நீங்க என்னைத் தனியா ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அதத்தான் சொல்ல வந்தேன்."

மறுநாள் கையெழுத்துப் போட்டார்கள். பத்து வருடம் அவர் கீழே வேலை செய்தேன். மூன்று முதலாளிகளில் நான் பயப்படாத முதலாளி அவர் ஒருவர்தான். அவரும் போன வருடம் மகளோடு இருக்கப் போய்விட்டார்.

சரி, உங்கள் வேலைக்கு வருகிறேன். வருகிற திங்கட்கிழமை பக்கத்துக் கடைச் சுவரை இடித்து இரண்டையும் ஒன்றாக்கி, தட்டையெல்லாம் இடம் மாற்றப்போகிறார்களாம். இப்போது மெஷின் கோடு பார்த்துப் பெயர் சொல்கிறது, எல்லாம் பாக்கெட்டில் வருகிறது. ஆனாலும் கைக்குப் பழைய இடம்தான் தெரியும். அவசரத்தில் கை உங்களைக் கேட்காது. தவறு நடக்கும். நடந்தால் பழசு, அளவு குறைவு என்று பூசி மெழுகாதீர்கள். விஷம் என்றால் விஷம் என்று சொல்லுங்கள். கேட்க வேண்டியதை ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள். கூட்டத்தில் கேட்டால் எல்லாரும் தலையாட்டத்தான் செய்வார்கள்.

அதனால் நானும் உங்கள் ஏழு பேரையும் நிற்கவைத்துக் கேட்கப்போவதில்லை. சேர்ந்த இந்த மூன்று மாதத்தில் யாருக்காவது எதையாவது மாற்றிக் கொடுத்துவிட்டோமோ என்று உங்களில் ஒருவர் மனசுக்குள் வைத்துக்கொண்டு மிளகாய் நிறுத்துக்கொண்டிருக்கலாம். என் இருபது நிமிடத்தை நான் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை காலை பின்னால் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொருவராக வாருங்கள்.